றெஜினாவின் இடி

தவக்காலம் வந்தால் குருநகரில் யேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகம் மேடையேறும். பிலாத்து யார், யூதாஸ் யார் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். திரைக் கயிற்றைப் பிடிப்பது யார் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். அது றெஜினா. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கிழிந்த வலை பொத்தக் குந்தியவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள். ஆனால் எவர் எந்த வசனத்தில் தடுமாறுவார் என்பது அவளுக்கு மனப்பாடம்.

ஒலி போட்டுவந்த ஜெறோம் பிரான்சுக்குப் போய்விட, இந்த வருடம் அவனுடைய லப்ரொப் கணினியும் அவளிடம் வந்தது. "நீதானே எந்நேரமும் பக்கத்திலை நிண்டு பாத்தனி," என்றார் நாடகத்தைப் பழக்கும் செபநாயகம் அண்ணாவியார்.

றெஜினா மறுக்கவில்லை. அவளிடம் ஓர் இடி இருந்தது. மாரியில் கடற்கரையில் நின்று தன் போனில் பதிந்த இடி. ஆண்டவர் உயிர்விடும் காட்சிக்கு அதைத்தான் போடப்போகிறார்கள். மேடையில் அவள் பேசும் ஒரே வசனம் அதுதான்.

அந்த இடத்தில்தான் சிக்கல். மேடை இருள வேண்டும், இடி மெல்ல எழும்ப வேண்டும், திரை மெதுவாக இறங்க வேண்டும். மூன்றும் ஒன்றாக. இடிப் பதிவு சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும்; சத்தத்தைக் கூட்டினால் எழும்பும். மேடை விளக்குகளை ஒருவன் அணைத்தாலும் பக்கத்திலிருக்கும் லப்ரொப்பின் வெளிச்சம் மேடையில் விழும். வலது கை கயிற்றில். லப்ரொப்பின் வெளிச்சத்தைக் குறைக்கவும் சத்தத்தைக் கூட்டவும் அடி மூலையிலிருக்கும் எவ்என் (Fn) கீயை அமத்திக்கொண்டே மேல் வரிசைக் கீயைத் தட்ட வேண்டும். சத்தக் கீயோ மற்றக் கோடியில். ஒரு கைக்கு எட்டாது.

ஒத்திகையில் அவள் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அமத்தினாள். இடி எழும்பியது. திரை ஈட்டியோடு நின்ற சேவகன் பிரகாஸின் தலையில் தொப்பென்று விழுந்தது.

"யேசுவுக்கு முதல் சேவகன் செத்துப்போனான்!" என்று கத்தினாள் அவளுடைய மச்சாள் ஜெயகௌரி. அழ வேண்டிய யெருசலேம் பெண்கள் எல்லோரும் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள்.

அண்ணாவியார் சிரிக்கவில்லை. "குறை நினையாதை பிள்ளை. உந்தப் பெட்டியை லைற் போடுற ஜெரிசனிட்டைக் குடுப்பம். நீ கயித்தை மட்டும் பாத்தால் காணும்."

தன் இடி இன்னொருவர் விரலில் எழும்புவதா?

"அடுத்த ஒத்திகை மட்டும் தவணை தாங்கோ, அண்ணாவியார்."

அவள் குரலைக் கேட்டு ஜெயகௌரியே சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் வலைக் குவியலின் பக்கத்தில் லப்ரொப்பை வைத்துக்கொண்டு றெஜினா ஜெறோமுக்குப் போன் எடுத்தாள்.

"உதை ஒரு கையாலை ஒருத்தரும் செய்யேலாது அக்கா," என்றான் அவன்.

"நான் அதைக் கேக்கேல்லை. கீயின்ரை வேலையை மாத்தேலுமோ?"

"ஓம், மாத்தலாம்."

அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். எவ்என் இல்லாமலே மேல் வரிசை வேலை செய்யும்படி ஒரு செற்றிங்கை மாற்றினாள். பிறகு ஒரு சின்ன மென்பொருளைப் போட்டு, சத்தம் கூட்டும் வேலையை வெளிச்சம் குறைக்கும் கீக்குப் பக்கத்துக் கீயிடம் கொடுத்தாள். இப்போது இரண்டும் இடக்கையின் இரண்டு விரலுக்குள் அடங்கின.

அடுத்ததை அவன் சொல்லவில்லை. இருட்டில் எல்லாக் கீயும் ஒன்றுதான். வலை பொத்துகிறவளின் விரலோ பாராமலே அறுந்த கண்ணைத் தேடிப் பிடிக்கும். நைலோன் நூலில் முடிச்சுப் போட்டு வெளிச்சக் கீயில் ஒன்றும் சத்தக் கீயில் இரண்டும் ஒட்டினாள்.

அடுத்த ஒத்திகையில் பிரகாஸ் தலையைக் கையால் மூடிக்கொண்டே நின்றான். ஒன்றும் விழவில்லை. அண்ணாவியார் பிறகு ஜெரிசனின் பெயரை எடுக்கவே இல்லை.

நாடகத்தன்று மைதானம் நிறைந்திருந்தது. சிலுவையில் தலை சாய்ந்தது. ஜெரிசன் விளக்குகளை அணைத்தான். றெஜினாவின் விரல் ஒற்றை முடிச்சைத் தொட்டது. லப்ரொப்பின் வெளிச்சமும் அணைய, மேடை முழுதும் இருண்டது. இரட்டை முடிச்சு. கடல் பக்கமிருந்து வருவதுபோல் இடி ஊர்ந்து வந்து எழும்பியது. வலது கைக்குள் கயிறு சாண் சாணாக இறங்கியது. ஒருவரும் கைதட்டவில்லை. முன்வரிசைப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

முடிவில் நடித்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். எல்லோரும் வந்து நின்றபின் அண்ணாவியார் மைக்கை விடாமல் சொன்னார்: "இடி, எங்கடை றெஜினா!"

"வா மச்சாள்!" ஜெயகௌரி ஓடிவந்து இழுத்தாள்.

"நான் வந்தால் கயித்தை ஆர் பிடிக்கிறது? உங்கடை தலையிலைதான் விழும்."

சனம் மேடையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. றெஜினா கயிற்றை விடவில்லை. இடது கையால் இரட்டை முடிச்சைத் தடவி, இடியை இன்னொரு தரம், முதல்முறையைவிடச் சத்தமாக எழுப்பினாள்.