அதிக நேரம் குனிந்தவர்

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டில் எங்களோடு, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார் அவர். நீண்ட கழுத்து, எண்ணெய்க் கறை படிந்த தொப்பி. வாசலில் நிற்கும் சிப்பாய்க்கு எல்லோரும் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போகவேண்டும். அண்ணாந்து பார்த்தால், விமானம் தேடுகிறாயா என்று அறை விழும். அவர் மட்டும் எங்களைவிட அதிக நேரம் குனிந்திருப்பார். காக்கா பிடிக்கிறார் என்று எனக்கு எரிச்சல்.

ஒரு மாலை அவருக்குப் பக்கத்தில் குனிந்தேன். அவர் நிமிரவே இல்லை. சிப்பாய் துப்பாக்கியை மாற்றிப் பிடித்தான்.

"போலாம்ணே," என்றேன் மெல்ல.

"கொஞ்சம் பொறு லா. தண்ணியப் பாரு."

மழைநீர் தேங்கிய குழியில், தலைக்கு மேலிருந்த தந்திக் கம்பிகள் தெரிந்தன. கம்பி முழுக்கத் தகைவிலான் குருவிகள். குளிருக்குப் பயந்து வடக்கேயிருந்து வந்தவை.

"நேத்து பாதிக் கம்பிதான். இன்னிக்கு ரொம்பிருச்சு. பங்சார்ல ஒரு கூட்டாளி, அவனுக்கும் குருவின்னா உசுரு. அவன்கிட்ட சொல்லணும்."

மறுவாரம் வெயிலில் குழி வறண்டது. அவர் எல்லோரையும்போல் சட்டென்று நிமிர்ந்தார். தினமும் கிடைத்த வணக்கம் குறைந்துவிட்டதென்று சிப்பாய்க்குக் கோபம், ஓங்கி அறைந்தான்.

வெளியே வந்ததும், தொப்பியைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "கம்பில எவ்ளோ இருக்கு, பாத்தியா?"

சிப்பாயின் கண் இன்னும் எங்கள் மேல்தான்; நான் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

"ரொம்பியிருக்குண்ணே," என்றேன்.

வீங்கிய கன்னத்தோடு, பங்சார் பக்கம் வேகமாக நடந்தார்.