அழைத்து வருபவர்

கணினியைத் திறக்குமுன் சட்டை நுனியால் திரையைத் துடைக்கிறார் கலர் சார். தூசி இருக்கிறதோ இல்லையோ, துடைக்காவிட்டால் அவருக்கு வேலை ஓடாது. பிறகு ஊர் வரைபடம் விரிகிறது. விளையாட்டும் வகுப்பும் நடத்தும் இளைஞர் மையத்துக்குப் பதின்வயதுப் பிள்ளைகள் வந்துபோகும் தெரு பச்சை, பிள்ளைகள் இருந்தும் வராத தெரு சிவப்பு, அந்த வயதுப் பிள்ளைகளே இல்லாத தெரு வெள்ளை. சிவப்பைக் கண்டுபிடித்து அங்கே ஒரு வகுப்பைக் கொண்டு சேர்ப்பதுதான் உத்தியோகம். 'கலர் சார்' என்ற பெயர் பிள்ளைகள் வைத்தது.

வீட்டிலும் மனிதர் இப்படித்தான். "உப்பு சரியா இருக்கா?" என்று மனைவி கேட்டால், "எண்பது சதவீதம் சரி" என்பார். "மீதி இருபதை நீங்களே போட்டுக்குங்க" என்று உப்பு டப்பாவை நகர்த்திவிட்டுப் போய்விடுவார் அந்த அம்மாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறவர். அவர் கண்ணுக்கே ஒருத்தி தப்பினாள்.

பந்து விளையாட வரும் பொடியன்களை யாராவது கூட்டிவர வேண்டும் என்பது மையத்தின் விதி. அந்த ஆளின் பெயரை 'அழைத்து வருபவர்' என்ற கட்டத்தில் கலர் சார் பதிவார். அந்தக் கட்டத்தில் வயது கிடையாது. அதில் விழுந்தவர்களையெல்லாம் கணினி பெரியவர்கள் என்றே எடுத்துக்கொள்ளும். தம்பியைக் கூட்டிவந்து, ஆட்டம் முடியும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள் ஓர் அக்கா. ஒரு நாள் ஜன்னலருகே வந்து கேட்டாள்: "சார், இந்தக் கம்ப்யூட்டர் கிளாஸ்ல நானும் சேரலாமா?"

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"பெரியவங்களுக்கு இல்லம்மா."

"சரி சார்" என்று போய்விட்டாள்.

பல மாதம் கழித்துப் பந்துப் பயிற்சியாளரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். "பெரியவங்களா? அதுக்குப் பதினஞ்சு வயசு சார்! அம்மா வேலைக்குப் போயிடுறாங்க, தம்பிய அதுதான் பாத்துக்குது" என்றார் அவர். அதற்குள் அவள் படிப்பை விட்டு, பொட்டலம் கட்டும் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். ஒரு தடவை கலர் சார் தலையை நிமிர்த்தியிருந்தால் தெரிந்திருக்கும். அந்த நினைப்பு அவரை இன்றும் விடவில்லை.

இப்போது அந்தக் கட்டத்தோடு வயதும் சேர்ந்திருக்கிறது. சாயங்காலமானால் தம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். பிள்ளையோடு வரும் ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, "உனக்கு என்ன வயசும்மா?" என்கிறார். சில பாட்டிகள் வெட்கப்படுகிறார்கள். பெரியவர்கள் என்று பதிவான அக்கா, அண்ணன்களெல்லாம் பிள்ளைகளாகிவிட, வரைபடத்தில் சிவப்பு பெருகிவிட்டது.

"இத்தன வருஷம் வெள்ளையா இருந்த தெருவெல்லாம் எப்படிச் சிவப்பாச்சு?" என்று குதித்தார் மையத்தின் இயக்குநர்.

"இப்பதான் சார் பாத்தேன்" என்றார் இவர்.

போன வாரம், மூன்று வருஷத்துக்குப் பிறகு, தம்பியைக் கூட்டிப்போக அவளே வந்தாள், கம்பெனிச் சட்டையோடு. கலர் சார் எழுந்துவிட்டார். "அம்மா, இப்ப சேந்துக்கலாம். சாயங்கால வகுப்பு இருக்கு. உனக்கு என்ன வயசு?"

"பதினெட்டு முடிஞ்சிருச்சு சார்" என்று சிரித்தாள். "இப்ப நெசமாவே பெரியவதான்."

மையத்தின் வயது வரம்பு பதினேழோடு முடிகிறது என்பது அவருக்கு மனப்பாடம். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவளோ பழக்கதோஷத்தில் படியில் உட்கார்ந்து, தம்பியின் ஷூ நாடாவைக் கட்டத் தொடங்கினாள். காலி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, அவள் கட்டி முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.