அப்பாவின் வண்டிக்கு இழுவை கூட்டிய கதை

எங்கள் வீட்டில் கார் இருந்தது என்று சொன்னால் கேட்பவர்கள் எங்களை வசதியானவர்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்பா அதை வாடகைக்கு ஓட்டினார். எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு மூன்று பேரிடம் உழைத்துக் களைத்த பெட்ரோல் வண்டி. கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள், பட்டு எடுத்த கையோடு கோயில் கோயிலாகச் சுற்றுகிறவர்கள், பிள்ளைக்கு மொட்டை போடத் திருத்தணிக்குப் போகிறவர்கள் என்று எல்லாரையும் அது ஏற்றிக்கொண்டது. சமதளத்தில் அதைக் குறை சொன்னவர் கிடையாது. மேடு என்று வந்துவிட்டால்தான் அதற்குப் பிடிவாதம் வந்துவிடும். திருத்தணி மலையில் பாதி வழியில் ஆண்களை இறக்கி நடக்கவிட்டு, பெண்களையும் குழந்தைகளையும் மட்டும் அப்பா மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

வண்டி ஸ்டாண்டில் இது பெரிய வேடிக்கை. "அண்ணே, உங்க வண்டி மல மேல ஏறுதா, மல உங்க வண்டி மேல ஏறுதா?" என்று கேட்பார்கள். மற்றவர்கள் எல்லாம் புது டீசல் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றின் முதுகில் 'டர்போ' என்று வெள்ளி எழுத்தில் எழுதியிருக்கும். அது என்னவென்று தெரியாதவர்கள்கூட அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள். அப்பாவின் வண்டி வரிசையில் முன்னால் நின்றாலும் சவாரி பின்னால் நின்ற வண்டிக்குப் போயிற்று.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ஒரு பட்டறையில் மெக்கானிக். காஞ்சிபுரத்தை ஒட்டி, ஓரிக்கையைத் தாண்டி இருந்த எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் சித்தியோடு இருந்தார். நன்றாக ஓடுகிற கடிகாரத்தையும் இன்னும் நன்றாக ஓடவைக்கிறேன் என்று பிரித்துப் போடுகிற ஆள். அவர்தான் ஒருநாள் ஆரம்பித்தார். டர்போ என்பது இன்ஜின் வாயில் காற்றை ஊதி அடைப்பது, அவ்வளவுதான். நம் வண்டிக்கு ஊத வேண்டாம், அது மூச்சு விடுகிற வழியை அடைக்காமல் இருந்தால் போதும் என்றார்.

அப்பா நெடுநேரம் யோசித்தார். "வேகம் வேணாம்பா. மல ஏறணும், நடு வழியில நிக்கக் கூடாது. செலவு கைய மீறியும் போகக் கூடாது" என்றார். பணக்காரன் வண்டிக்குக்கூட மூன்றும் சேர்ந்து அமைவது கஷ்டம் என்று இப்போது தெரிகிறது. சித்தப்பாவோ அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோலத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் வேலை தொடங்கும். எங்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில். பழைய இரும்புக் கடையில் கொஞ்சம் அகலமான குழாய் வாங்கி வந்து சைலன்சரை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பெட்ரோல் வருகிற துளையைப் பெரிதாக்கினார். காற்று வடிகட்டிக்கு வேறொரு பெரிய வண்டியின் டப்பாவைப் பொருத்தினார். கடைசியாக இன்ஜினின் மேல்மூடியை, ஹெட் என்பார்கள், எடுத்துக்கொண்டு லேத் வைத்திருந்த பாயிடம் போனார். அதன் அடிப்பக்கத்தைச் சற்றே சீவிவிட்டால் உள்ளே நெருக்கம் கூடும், நெருக்கம் கூடினால் இழுவை கூடும் என்பது கணக்கு. பாய் சீவிக் கொடுத்துவிட்டு, "இழுக்கும் தம்பி. ஆனா மெல்லிசாயிடுச்சு, இனிமே சூடு தாங்காது. தண்ணிய மட்டும் பாத்துக்க" என்று சொன்னாராம். சித்தப்பாவே வந்து பெருமையோடு சொன்னார். அவர் காதில் 'இழுக்கும்' மட்டும்தான் விழுந்திருந்தது.

வண்டி இழுத்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நாங்கள் எல்லாரும் ஏறிக்கொண்டு திருத்தணிக்குப் போனோம். சாமி கும்பிட அல்ல, மலை ஏறிப் பார்க்க. சித்தி அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, மருந்து, ஜெபம், வேளாங்கண்ணி நேர்ச்சை எல்லாம் முடிந்து உண்டான முதல் பிள்ளை. அவளை ஏற்ற வேண்டாம் என்று அம்மா சொன்னதற்கு, "மாமா மெதுவாத்தான் ஓட்டுவாரு. நானும் வரேங்க்கா" என்று அடம்பிடித்து வந்தாள். அவள் மாமா என்று சொன்னது அப்பாவை. யாரையும் இறக்காமல் வண்டி உச்சிக்குப் போய் நின்றபோது, சித்தி கை தட்டினாள். அப்பா வண்டியைச் சுற்றி வந்து அதன் பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். போதும் என்ற மனம் சித்தப்பாவுக்கு ஏது? ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றும் ஃபேன், இன்ஜினிடமிருந்தே வலுவைத் திருடுகிறது என்று கண்டுபிடித்தார். அதை எடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் ஃபேன் ஒன்றைப் பொருத்தினால் இன்னும் இழுக்குமாம். பழைய இரும்புக் கடையில் ஃபேன் கிடைத்துவிட்டது. சூடு ஏறினால் அதைத் தானாக ஓடவைக்கும் சுவிட்ச் மட்டும் கிடைக்கவில்லை. "ஃபேன்ல கை வெக்காத. மல ஏறுது, நமக்கு அது போதும்பா" என்று அப்பா தெளிவாகச் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

மறுநாள் அப்பா ஒரு துக்கத்துக்குப் பஸ்ஸில் கூரம் போயிருந்தார். சித்தப்பா ஃபேனைக் கழற்றிவிட்டார். சுவிட்ச் வந்ததும் எல்லாவற்றையும் மாட்டி, ஓட்டிக்காட்டி, அண்ணனை அசத்திவிடுவது என்று திட்டம். ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், ஃபேன் எதற்கு என்று என்னிடம் விளக்கினார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அன்று சாயங்காலம் அப்பா வந்து கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போதே சித்திக்கு வலி கண்டுவிட்டது. சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்த வலி. வாசலில் வண்டியை வைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் போட யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவும் நானும் சித்தியைப் பின்னால் உட்காரவைத்தோம். அவள் தலை என் தோள்மேல் இருந்தது. அப்பா சாவியைத் திருகப் போனபோதுதான் சித்தப்பா சன்னலருகே குனிந்து, தணிந்த குரலில், "அண்ணே, ஃபேன் இல்ல. ஓடிக்கினே இருந்தா ஒண்ணும் ஆவாது" என்றார். அப்பா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "ஏறு" என்றார்.

சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் வண்டி பறந்தது. எங்கள் ஊரில் இன்றைக்கு எந்தச் சாமி எந்தத் தெருவில் வரும் என்பது காலண்டருக்கே முழுசாகத் தெரியாது. எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு திருப்பத்தில் திரும்பினால், எதிரே பந்தமும் நாதஸ்வரமுமாகப் பெருமாள் வந்துகொண்டிருந்தார். பின்னால் ஆட்டோக்களும் ஒரு பஸ்ஸும் வந்து அடைத்துக்கொண்டன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

சாமி வந்தால் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். இந்துவா கிறிஸ்தவனா முஸ்லிமா என்று அதில் வித்தியாசம் கிடையாது. அப்பா ஒருமுறைகூடத் தவறியதில்லை. இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அன்றும் அவர் கை சாவிக்குத்தான் போயிற்று. சித்தப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ஹெட்டைச் சீவியதிலிருந்து சூட்டில் நிறுத்தினால் வண்டி மறுபடி கிளம்பச் சண்டித்தனம் செய்தது, பேட்டரிக்கு இன்ஜினைச் சுற்றிவிடத் தெம்பில்லை. "நிறுத்தாத அண்ணே, சந்து கெடச்சதும் பூந்துடலாம்" என்றார். வெளியிலிருந்து யாரோ, "சாமி வருது, இன்ஜின நிறுத்துப்பா" என்று கண்ணாடியில் தட்டினார்கள். அப்பா நிறுத்தவில்லை. வீதியில் அந்த ஒரு வண்டி மட்டும் உறுமிக்கொண்டு நின்றது. பெருமாளோ மண்டகப்படி நடந்த ஒரு வீட்டின் முன்னால் நின்றுவிட்டார். சித்தி என் கையை நெரித்தாள்.

எதிர்க்காற்றுக்கு எங்கே போவது? கொஞ்ச நேரத்தில் பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. சித்தப்பா குதித்து இறங்கி, தோள் துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிநீர் பீச்சி அடித்து அவர் முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. அந்தக் கையோடேயே, பக்கத்தில் யாரோ நீட்டிய குடத்தை வாங்கிப் பச்சைத் தண்ணீரை உள்ளே ஊற்றினார். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர். உள்ளே டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி அடங்கிவிட்டது.

அம்மா இறங்கி வீதியின் நடுவில் நின்று, பிரசவ வலி என்று கத்தினாள். அப்புறம் நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். நாதஸ்வரம் நின்றது. சாமியைத் தூக்கி வந்தவர்கள் பல்லக்கோடு ஓரமாக ஒதுங்கி, வீட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அவ்வளவு கூட்டமும் இரண்டாகப் பிரிந்தது. முகம் தெரியாத பெண்கள் சித்தியைத் தாங்கிப் பின்னாலிருந்த ஆட்டோவில் ஏற்ற, அம்மாவும் சித்தப்பாவும் அதில் போனார்கள். காரை ஓரமாகத் தள்ளிவிட்டு அப்பாவும் நானும் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனோம். 

பிள்ளை அழவில்லை. ஆண் குழந்தை, தலை நிறைய முடி என்று அம்மா சொன்னாள். எனக்குக் காட்டவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று சித்தி கேட்டதற்கு, அதைச் சொல்ல முடியாதும்மா என்று டாக்டர் சொன்னாராம். சொல்ல முடியாது என்பதைச் சித்தி பிழைத்திருக்கும் என்றே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பார்வை நேரத்தில் நாங்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். சித்தப்பாவின் கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். ஸ்டாண்டிலிருந்து ஒரு டிரைவர் விசாரிக்க வந்திருந்தார். நல்ல மனிதர்தான், வாய்தான் நிற்காது. வாசலில் நின்றபடியே, "வண்டியப் பாத்தேன். உள்ள ஃபேனே இல்லியே, எவன் கழட்டுனது?" என்று கேட்டுவிட்டார்.

சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மெல்லத் திரும்பினாள். "ஃபேன யாரு கழட்டுனது?" என்று அவளும் கேட்டாள். அவள் பார்வை சித்தப்பாவின் மேல் இருந்தது. சித்தப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.  

அப்பா ஓரடி முன்னால் வந்தார். "நாந்தாம்மா. அவன் வேணாம்னுதான் சொன்னான். நாந்தான் இன்னும் இழுக்கும்னு கழட்டச் சொல்லி நின்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொய் சொன்னதற்காகப் போன மாதம்தான் என்னை முட்டி போடவைத்த மனிதர் அவர். ஞாயிறு வகுப்பில் பத்துக் கட்டளையை முதலில் ஒப்பித்தவள் நான். நான் வாயெடுப்பதற்குள் அம்மா என் தோளை அழுத்தினாள். சித்தி அப்பாவை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு, சித்தப்பாவின் கட்டுப் போட்ட கையின் பக்கமாகச் சாய்ந்து அழுதாள். சித்தப்பா மற்றக் கையால் அவளைப் பிடித்துக்கொண்டார்.

கட்டு அவிழ்ந்ததும் சித்தப்பா இன்ஜினை இறக்கினார். வேறொரு பழைய ஹெட், பழைய சைலன்சர், கழற்றிய அதே ஃபேன். எல்லாவற்றையும் முன்பிருந்தபடியே மாட்டினார். நடுவில் ஒருநாள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, "அவகிட்ட சொல்லிடுறேன் அண்ணே, என்னால முடியல" என்றார். அப்பா மண்ணெண்ணெயில் நட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "நான் இல்லாட்டி அவளுக்கு ஒண்ணும் ஆயிடாதுடா. நீ இல்லாட்டி அவ எங்க போவா?" என்றார். இதையும் கேட்டேன். இதில் பொய்க்கு என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

வண்டி மறுபடி சமதளத்தில் ஓடியது. சித்தி அப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். எங்கள் வீட்டுக்கு வருவாள், அம்மாவிடம் மிளகாய்த்தூள் வாங்கிப்போவாள், எனக்குத் தலை பின்னிவிடுவாள். அப்பா உள்ளே வந்தால் எழுந்து போய்விடுவாள். மாமா என்ற சொல் அவள் வாயிலிருந்து அப்புறம் வரவில்லை.

அடுத்த சில வருஷத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது தவழ ஆரம்பித்த கிறிஸ்துமஸ் அன்று சித்தி தட்டில் கேக்கும் முறுக்கும் வைத்து எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் நாற்காலி வந்ததும் அதைத் தாண்டி அடுத்தவரிடம் போனாள். குழந்தை தவழ்ந்து போய் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அப்பா குனிந்தார், ஆனால் தூக்கவில்லை. சித்தி வந்து, அவர் பக்கம் பார்க்காமலேயே குழந்தையை எடுத்துக்கொண்டு போனாள். சித்தப்பா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

நான் கேக்கைத் தின்றுகொண்டே அப்பாவைப் பார்த்தேன். பொய் சொன்னவருக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.