பூசணிப் பிஞ்சும் என் சுட்டுவிரலும்

என் அக்காவின் மகள் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படிப்பிக்கிறாள். நான் உடுவிலில் தோட்டம் செய்கிறேன். எங்கள் குடும்பத்து மூளை முழுவதும் அக்கா பக்கம் போய்விட்டது. எனக்கு வந்தது மீசை மட்டும். நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது வாத்தியார் தடுக்கவில்லை, கேற்றைத் திறந்து விட்டார்.

பிள்ளை பதவி உயர்வுக்குக் காத்திருந்தாள். அதற்குக் கட்டுரை எழுதினால் மட்டும் போதாதாம். வேறு ஆராய்ச்சியாளர்கள் அதைத் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்ட வேண்டுமாம். அவளுடைய கட்டுரைகளை அதுவரை மேற்கோள் காட்டிய ஒரே ஆள் அவள்தான்.

"அதுவும் கணக்குத்தானே பிள்ளை?"

"இல்லை மாமா. தன்ரை கடையிலை தானே போய்த் தேத்தண்ணி குடிக்கிற மாதிரி."

ஆகவே புதிய ஆராய்ச்சி ஒன்றில் இறங்கினாள். பூசணிப் பிஞ்சைப் படமெடுத்தால், அது நல்லதா, அழுகத் தொடங்கிவிட்டதா என்று போனே சொல்ல வேண்டும். கணினியைப் பழக்க நிறையப் படங்கள் தேவை. நல்லதும் அழுகலும் என் தோட்டத்தில் தாராளம். அழுகல் கொஞ்சம் கூடுதல் தாராளம். படமெடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்தாள்.

அழுகல் பிஞ்சு இலைக்குள் ஒளிந்து கிடக்கும். அவளுக்கு எளிதாகத் தெரியட்டுமென்று சுட்டுவிரலால் காட்டியபடி எடுத்தேன். நல்ல பிஞ்சுக்கு விரல் நீட்டவேயில்லை. பிஞ்சைச் சுட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பது எங்கள் ஊரில் தவழும் குழந்தைக்கும் தெரியும். அவசரமென்றால் விரலை மடக்கித்தான் காட்டுவோம். ஏற்கெனவே அழுகினதற்கு என்ன பயம்?

கட்டுரை வெளிவந்தது. கணினி பிழை விடுவதே அரிது என்று எழுதியிருந்தாள். அக்கா கோயிலில் தேங்காய் உடைத்தாள். நான் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களின் பொறுமையை உடைத்தேன்.

பிறகு, அந்தப் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்த வெளிநாட்டு மாணவன் ஒருவன் மின்னஞ்சல் போட்டான். அழுகல் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு விரல் இருக்கிறதே, உங்கள் கணினி பார்ப்பது பிஞ்சையா, விரலையா?

பிள்ளை போனோடு ஓடிவந்தாள்.

"மாமா, விரலை நீட்டுங்கோ."

சுத்தியலடி பட்டுக் கறுத்த நகத்தோடு நீட்டினேன். அதை நல்ல பூசணிக்காய்க்கு முன்னால் பிடித்துப் படமெடுத்தாள். 'அழுகல்' என்றது போன். தேத்தண்ணிக் கேத்தலுக்கு முன்னால் பிடித்தாள். அதுவும் அழுகல். அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வர, விரலும் போனும் அவள் பக்கம் திரும்பின. அழுகல்.

"ஆரடா அழுகல்?"

"நான் சொல்லேல்லை அக்கா. உன்ரை மகளின்ரை கண்டுபிடிப்பு."

பிள்ளை சிரிக்கவில்லை. குந்தியிருந்து அழுதாள். பதவி உயர்வு நேர்முகத்துக்கு இந்தக் கட்டுரையைத்தான் நம்பியிருந்தாள்.

"அழுகலுக்கு மட்டும் ஏன் மாமா விரல் நீட்டினனீங்கள்?"

"நல்ல பிஞ்சுக்கு நீட்டினால் அழுகிப் போகுமெல்லே?"

நிமிர்ந்து பார்த்தாள். "விரல் நீட்டினால் அழுகலெண்டு நீங்கள் நம்பிறியள். இப்ப கொம்பியூட்டரும் அதைத்தான் நம்புது."

"அப்ப அது எங்கடை ஊர்ப் பிள்ளைதான். நல்லாய்த்தான் பழக்கியிருக்கிறாய்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். பிழையை அவள் ஒளிக்கவில்லை. அந்த மாணவனுக்கு நன்றி எழுதினாள். கணினி எப்படிப் பிழையான அடையாளத்தைப் பிடித்துக்கொண்டது என்று, எங்கள் ஊர் நம்பிக்கையையும் சேர்த்து, இன்னொரு கட்டுரை எழுதினாள். அதில் என் விரலின் படமும் வந்தது.

"முகத்தையும் போடன் பிள்ளை."

"கொம்பியூட்டர் இன்னும் குழம்பும் மாமா."

அந்தக் கட்டுரையைத்தான் உலகம் பிடித்துக்கொண்டது. எந்தெந்த நாட்டுக்காரரெல்லாமோ, இப்படி நடந்துவிடக் கூடாது என்று அதை மேற்கோள் காட்டினார்களாம். 'இவனைப் போல வந்திடாதை' என்று என்னைக் காட்டித்தான் அயலவர்கள் தங்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள். இப்போது வெளிநாட்டிலும் அதே வேலைக்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

நேர்முகத்தன்று பின்னேரம் கடை வாசலில் நின்றேன். பஸ்ஸால் இறங்கியவளின் முகமே செய்தியைச் சொன்னது.

"இறங்கினதிலை உன்ரை அக்கா மகள் எந்தப் பிள்ளையடாப்பா?" என்றார் கடைக்கார அண்ணை.

விரலை நீட்டினேன். உடனே மடக்கினேன். "உந்தா வாறாள் அண்ணை, எங்கடை பிள்ளை."

அவள் கண்டுவிட்டாள். ரோட்டைக் கடந்தபடியே கத்தினாள்.

"வடிவாய் நீட்டிக் காட்டுங்கோ மாமா! கிடைச்சிட்டுது! இனி அழுகாது!"

"பேராசிரியர் ஆகுமட்டும் நீ பிஞ்சுதான். பேசாமல் வா!"