செம்பக்கா

எரிந்துபோன மோட்டாரின் வயிற்றைத் திறந்து, கருகின கம்பியைப் பிய்த்து எறிந்துவிட்டு, புதுக் கம்பியைக் காயிலாகச் சுற்றி ஓடவிடுவதுதான் அவள் வேலை. மோட்டார் பட்டறையில் எல்லோருக்கும் அவள் காயில்காரம்மா. யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளுக்கு இந்த வயதில் மோதிரமும் பதக்கமும் செய்கிற கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கேட்டு, பேரிங் மாட்டுகிறவர் ஓய்ந்துபோயிருந்தார்.

"என்னம்மா, நகைக்கடை வைக்கப் போறீங்களா? தெறப்பு விழாவுக்கு நம்மளையும் கூப்பிடுங்க."

"கூப்பிடாமலா? வாசல்ல நிக்க ஒரு ஆள் வேணும்ல" என்பாள், மிச்சமான செப்புக்கம்பித் துண்டுகளைப் பையில் சுருட்டிக்கொண்டே.

நகைமேல் அவளுக்கு ஒரு மண்ணும் ஆசை கிடையாது. ஆசையெல்லாம் மகள்மேல். மகள் அவளோடு பேசி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கே இருக்கிறாள் என்றுகூடத் தெரியாமல் இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பேரிங்காரர் போனில் எதையோ ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் கம்பியை வளைத்து, ஓட்டையில்லாத கல்லுக்குக் கூடு கட்டுகிற வீடியோ. முகம் தெரியவில்லை, கை மட்டும்தான். வலது கைச் சுண்டுவிரல் நீட்ட முடியாமல் கொக்கியாக மடங்கியிருந்தது. காயில்காரம்மா சோற்றுக் கையோடு போனைப் பிடுங்கிப் பார்த்தாள். பெற்றவளுக்கு அந்த விரலைத் தெரியாதா?

அந்த விரலின் கதை இதுதான். பதினைந்து வயதில் மகள் அப்பனை எதிர்த்துப் பேசினாள் என்று, அந்த மனிதர் பெண்ணின் கையைக் கதவில் வைத்து நசுக்கினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "மாடிப்படியில விழுந்துட்டா சார்" என்றாள் காயில்காரம்மா. அவர்கள் இருந்த வீட்டில் மாடிப்படியே கிடையாது. புருஷன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், திரும்ப அதே வீட்டுக்குத்தான் போயாக வேண்டும், பயம். எல்லாம் சரிதான். ஆனால் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை தலையைத் தூக்கி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். சம்பாதிக்க ஆரம்பித்த மாதமே வீட்டை விட்டுப் போய்விட்டாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று வாய் கூசாமல் சொல்கிறோமே, அந்தப் பிள்ளை மனம் கல்லானது யாரால் என்று ஒருத்தராவது கேட்டிருக்கிறோமா?

மகள் போனிலேயே ஒரு குழு நடத்துகிறாள் என்று தெரிந்தது. கம்பியும் கல்லும் வைத்து வாரம் ஒரு நகை செய்ய வேண்டும். திங்கட்கிழமை மகள் சவால் சொல்வாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லோரும் செய்து படம் போட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் அவள் ஒரு வார்த்தை சொல்வாள். பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது, அந்த வார்த்தைதான்.

அந்த ஒரு வார்த்தைக்காகக் காயில்காரம்மா 'செம்பு' என்று பெயர் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தாள். வெள்ளிக்கம்பி வாங்க வக்கில்லை. மோட்டார்க் கம்பியின் வார்னிஷைச் சுரண்டி எடுத்தால் உள்ளே செம்பு பளபளவென்று இருக்கும். பையோடு மலிவாகக் கிடைக்கிற உருட்டுக் கற்களில் பாசி நிறத்தில் ஒன்றைப் பொறுக்கி, சுற்றிச் சுற்றி ஒரு பதக்கம் செய்தாள். பார்க்கச் சின்ன மோட்டார் மாதிரிதான் இருந்தது. மகளிடமிருந்து பதில் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சுத்து ரொம்ப நெருக்கமா, அழகா இருக்கு செம்பக்கா."

நீ, வா, போ என்று அம்மாவை விரட்டிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். காயில்காரம்மா அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு போனைத் துடைத்து வைத்தாள். அன்றிலிருந்து வாரா வாரம் இதே வேலைதான். கம்பியை வெட்டாமல் ஒரே இழையில் மோதிரம் செய்யச் சொன்னபோது விரல் நகமெல்லாம் பிய்ந்தது. உடைந்த கல்லைத்தான் வைக்க வேண்டும் என்றபோது, நல்ல கல்லைச் சுத்தியலால் தட்டி உடைக்க மனம் வராமல், உடைந்த கல்லுக்காக ரோடெல்லாம் குனிந்துகொண்டே நடந்தாள். "கீழ என்னம்மா, புதையலா?" என்று பேரிங்காரர் கேட்டதற்கு, "ஆமா, உங்க மூளை எங்கயோ விழுந்துடுச்சாம்" என்றாள்.

வீட்டில் புருஷனுக்குப் பக்கவாதம். ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன, நாக்கு மட்டும் தப்பித்துக்கொண்டது. உள்ளறையில் படுத்தபடி, விழாத கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிடுவார். பெரிய பெரிய மோட்டார்களை ஓடவிட்டுப் பார்த்தே காயில்காரம்மாவுக்குக் காது பாதி மந்தம், அதனால் அவர் அவளுக்கு வைத்த பெயர் செவிடி. அவளும் தண்ணீர் கொடுப்பாள், துணி மாற்றுவாள், புரட்டிப் போடுவாள். பாசமா என்று கேட்டால் இல்லை. விட்டுவிட்டுப் போக முடியுமா என்று கேட்டால் அதுவும் இல்லை. கட்டின பாவத்துக்குச் செய்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் மகள் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். "வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க அக்கா?"

காயில்காரம்மா உள்ளறையைப் பார்த்தாள். "நான் மட்டுந்தாங்க" என்று அனுப்பினாள்.

அதற்குப் பிறகு மகளின் பேச்சே மாறிப்போனது. சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி இருக்கு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு வேலை பாருங்க என்று வாரத்தில் நாலு தடவை விசாரித்தாள். கடைசியில் ஒருநாள், "அடுத்த மாசம் குழுவுல எல்லாரும் நேர்ல சந்திக்கலாம்னு இருக்கோம். நீங்க கட்டாயம் வரணும் அக்கா. உங்ககிட்ட நெறைய பேசணும்" என்றாள். பேசணுமாம்! காயில்காரம்மா இருக்கிற புடவைகளையெல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். நேரில் போய் நிற்க வேண்டும். நான்தான்டி என்று சொல்ல வேண்டும். அடித்தாலும் சரி, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

அந்த வாரச் சவால்தான் வில்லங்கமாக வந்தது. கடையில் வாங்கின நகையை யாரோ படம் பிடித்துப் போடுகிறார்கள் என்று குழுவில் புகைச்சல். அதனால் எல்லோரும் தங்கள் கை வேலை செய்வதை வீடியோ எடுத்துப் போட வேண்டும். காயில்காரம்மாவின் இடது புறங்கையில், ஈயப்பற்று வைக்கும்போது சுட்ட தழும்பு பெரிதாகக் கிடக்கும். சின்ன வயதில் மகள் தடவிக்கொண்டே தூங்கின தழும்பு. பார்த்தால் அடுத்த நொடி தெரிந்துவிடும். போன் வழியாகவா தெரிய வேண்டும்? நேரில் சொல்லும்வரை மூச்சு விடக்கூடாது. பட்டறைக் கையுறையை மாட்டிக்கொண்டாள். ஞாயிறு மத்தியானம், ஜன்னலோரம் போனைச் சாய்த்து வைத்து, ஊதாக் கல்லுக்குக் கூடு கட்டினாள். தழும்பு தெரிகிறதா, முகம் விழுகிறதா என்று இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. திருப்தியாகப் போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வீடியோ குழுவில் இல்லை. மகளே நீக்கியிருந்தாள். தனியாக ஒரு செய்தி வந்திருந்தது.

"அந்தக் குரல் யாரோடது?"

காயில்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தத்தை முழுசாகக் கூட்டி, போனைக் காதோடு ஒட்டி வைத்துத் தன் வீடியோவை ஓடவிட்டாள். கம்பி உரசுகிற சத்தம். பிறகு கட்டில் சட்டத்தைத் தட்டுகிற சத்தம். "ஏய் செவிடி! செத்துட்டியா? தண்ணி கொண்டா!"

'பக்கத்து வீட்டுக்காரருங்க' என்று விரல் தானாகவே அடித்துவிட்டது. பார்த்தாள். அழித்தாள். அதற்குள் மகளிடமிருந்து ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன.

"முதல் பதக்கத்துலயே நீங்கதான்னு தெரியும். கம்பி முனையைக் கடைசிச் சுத்துக்கு அடியில விட்டு இழுத்து முடிக்கறது காயில் கட்டறவங்க பழக்கம். ஸ்கூல் விட்டு வந்து உங்க பக்கத்துல உக்காந்து அதைத்தானே பாத்துட்டு இருந்தேன்."

"தெரிஞ்சேதான் பேசினேன்."

"தனியா இருக்கேன்னு சொன்னீங்க. அந்தாளை விட்டுட்டு வந்துட்டீங்கன்னு நெனச்சேன். சந்தோஷத்துல ஒரு வாரம் அழுதேன்."

காயில்காரம்மா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, எழுத்துப்பிழையோடு அடித்தாள். "அவருக்குப் பக்கவாதம்மா. எந்திரிக்கவே முடியாது. நான் போயிட்டா யாரு பாப்பா?"

"பாத்துக்கோங்க. அதைத் தப்புன்னு நான் சொல்லல. அதையே சொல்லியிருந்தா நான் கேட்டுட்டுப் போயிருப்பேன். அன்னைக்கு டாக்டர்கிட்ட பொய் சொன்னீங்க, இன்னைக்கு எங்கிட்ட. நேர்ல வர வேணாம்."

"ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்மா."

பதிலுக்குக் காத்திருந்தாள். உள்ளே கட்டில் தட்டப்பட்டது. இந்தத் தடவை அவளுக்கு நன்றாகவே கேட்டது. எழுந்திருக்கவில்லை.

"குழுவை விட்டுப் போகச் சொல்லல. செம்பக்காவா இருக்கறதுன்னா இருங்க. வாரா வாரம் எல்லாருக்கும் சொல்ற மாதிரி உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்றேன். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் எதிர்பாக்காதீங்க. முடியுமா முடியாதான்னு மட்டும் சொல்லுங்க."

அம்மா என்ற வார்த்தையை வைத்து நாலு விதமாக எழுதிப் பார்த்தாள் காயில்காரம்மா. நாலையும் அழித்தாள். அப்புறம் மெதுவாக, பிழையில்லாமல், எழுத்து எழுத்தாக அடித்து அனுப்பினாள்.

"முடியுங்க தங்கச்சி."