முப்பதாயிரத்து முப்பத்தொன்றின் ஜன்னலோரம்

கங்கைகொண்டானில் நான் வேலை பார்க்கும் ஆலையில் என் அடையாள அட்டை எண் 30031. நான் கணக்கில் பட்டம் வாங்கியவன் என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, அதைப் பார்த்ததும் எனக்கு வந்த பூரிப்புதான். 2, 3, 5, 7, 11, 13 ஆறையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் அந்த எண் வரும். அந்த ஆறில் எதனால் வகுத்தாலும் மீதி ஒன்று நிற்கும்.

"சுத்தமான பகா எண் வே. எதாலயும் வகுபடாது," என்று பேருந்தில் பக்கத்தில் உட்காரும் ஃபிட்டரிடம் அளந்தேன்.

இருவருக்கும் ஆழ்வார்குறிச்சி. பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு, கம்பெனி பேருந்தில் ஒரே இருக்கையில் இரண்டு மணி நேரம் வருவோம். ஜன்னலோரம் இருப்பவன் தலையைச் சாய்த்துத் தூங்கலாம். மறுபக்கத்துக்குக் கைப்பிடி இல்லை; கண் அசந்தால் தரைதான். அதனால் நாள் விட்டு நாள் மாறி உட்கார்வோம்.

"எதாலயும்னா? பதினேழாலயுமா?"

"வகுத்துப் பாரும். வகுபட்டா ஒரு மாசத்துக்கு ஜன்னல் ஓமக்கு. அதுவரைக்கும் எனக்கு. செல்போனத் தொடப்பிடாது, கையாலதான் போடணும்."

மறுநாளிலிருந்து நான் தூங்கினேன். அவர் சாப்பாட்டு டோக்கனின் பின்பக்கத்தில் பதினேழிலிருந்து வரிசையாக, நாளுக்கு ஒரு பகா எண்ணால் வகுத்துப் பார்த்தார். அதற்குமேல் உடம்பில் வலுவில்லை.

"பதினேழுக்கு மீதி ஒம்போது," என்பார் இறங்கும்போது. அடுத்த நாள், "பத்தொம்போதுக்கு மீதி பதினொண்ணு." கண்ணெல்லாம் சிவந்திருக்கும்.

"எதுக்கு வே வீண்பாடு? பைய கண்ண மூட வேண்டியதுதான?"

"எங்கன மூட? உருண்டுர மாட்டேனா?"

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஜன்னலை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இல்லை.

உண்மையில் என்னிடம் நிரூபணம் எதுவும் கிடையாது. இதே முறையில் சிறிதாகச் செய்தால் 3, 7, 31, 211, 2311 வரும்; ஐந்தும் பகா எண்கள். ஐந்து சரியாக வந்தால் ஆறாவதைப் படிக்காமல் விடுவது என் பழக்கம். பட்டமும் அப்படி வாங்கியதுதான்.

பதினோராம் நாள், பேட்டை தாண்டியதும் விலாவில் ஒரு குத்து.

"எந்திரியும் வே. அம்பத்தொம்போது."

டோக்கனில் 59 × 509 என்று எழுதியிருந்தார். தூக்கக் கலக்கத்தோடு இரண்டு முறை பெருக்கிப் பார்த்தேன். 30031 வந்தது, ஒன்றுகூடக் குறையாமல்.

"இத்தன நாளும் அது உள்ளதான் இருந்திருக்கு. நீரு அதுமேல சாஞ்சு குறட்ட விட்டிருக்கீரு."

எழுந்து இடம் மாறினேன். அடுத்த நிறுத்தம் வருமுன் அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். பத்து நாள் தூக்கம். என் தோளில் அவர் தலை வந்து விழுந்தது. தள்ள மனம் வரவில்லை.

முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்தபடி புதிய பந்தயம் யோசித்தேன். அந்த ஆறு எண்களோடு பதினேழையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 510511. இது பெரிய எண். இதை முடிக்க அவருக்கு வருஷம் ஆகும். இந்த முறை புத்தியாக, சொல்லுமுன் நானே வகுத்துப் பார்த்தேன்.

முதல் வகுத்தலிலேயே, பத்தொன்பதில், மீதியில்லாமல் விழுந்துவிட்டது. சேரன்மகாதேவிகூட இன்னும் வரவில்லை.