மாடியில் வைத்த அருகம்புல்

எங்கள் காலனி வீட்டுக்குத் தளம் போட்டவர்கள் யாரும் சித்திரை மாதத்தில் அதற்குக் கீழே படுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பழவேற்காடு ஏரியிலிருந்து காற்று வரும். வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும், உள்ளே மட்டும் நுழையாது. பிறந்து மூன்று மாதமான தம்பிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அவன் அழுவான், அம்மா விசிறுவாள், நைனா வலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்கு ஒன்பது வயது. உள்ளுக்கும் வெளிக்குமாக அலைந்துகொண்டிருப்பேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று ஏற்கெனவே பெயர்.

என்னைவிட நிலைகொள்ளாதவர் அந்த வீட்டில் ஒருவர் இருந்தார் என்றால் அது சித்தப்பா. துபாயில் மூன்று வருஷம் கட்டடங்களின் மொட்டைமாடியில் புல் வளர்க்கும் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தார். மழையே பெய்யாத ஊரில் பன்னிரண்டாவது மாடியில் புல் என்றால் யார் நம்புவார்கள்? போனில் படம் காட்டினார்.

"நம்ம தளத்துக்கும் போட்றேன் அண்ணி. கீழ ரூமு ஜில்லுனு ஆயிடும். இது புட்சிக்கினா மீஞ்சூர்ல வூட்டுக்கு வூடு கூப்புடுவாங்க. நான் திரும்பிப் போவமாட்டேன்" என்றார்.

அது அம்மா கருவாடு காயவைக்கும் இடம். "மீன எங்க கொண்டுபோயி போடுவேன்?" என்று ஒரு நாள் முழுக்க முணுமுணுத்தாள். பிறகு தம்பியின் முதுகைப் பார்த்தாள், சரி என்றாள்.

சித்தப்பா தார்ப்பாய் விரித்தார். ஓரமாக ஏரிச் சேற்றால் வரப்புக் கட்டி, காட்டூரிலிருந்து வயல் மண்ணை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து நிரப்பினார். காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாமலிருக்க நைனாவின் கிழிந்த வலையை மேலே போர்த்தி, வலைக்கண்களின் வழியே அருகம்புல்லை நட்டார். "மாட்ட எப்டிபா மேல ஏத்துவ?" என்று கேட்காத ஆள் தெருவில் இல்லை.

தண்ணீர் ஊற்றுவது என் வேலை. காலையில் நாலு குடம், தெருக்குழாயின் நல்ல தண்ணீர். முதல் வாரம் புல் துளிர்த்தது. சித்தப்பா நாளைக்குப் பத்துத் தடவை ஏணி ஏறி இறங்கினார். துபாய்க்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டின் போன் வந்தால் கட் பண்ணினார்.

குழாயடியில் ஒரு மணி நேரமாவது ஒரே இடத்தில் நிற்கவேண்டும். என் கால்களுக்கு அந்த வித்தை தெரியாது. ஏரியோ வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. எல்லோரும் மீன் ஏலத்துக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து முதல் நாள் இரண்டு குடம் மொண்டேன். மறுநாளிலிருந்து நாலும் ஏரித் தண்ணீர்தான். கோடையில் அது வாயில் வைக்க முடியாமல் கரிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. புல்லுக்கு ஏது வாய் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தே நாளில் புல் வைக்கோலாகிவிட்டது. சித்தப்பா வலையை விலக்கி ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தார். பிறகு என் இடுப்பிலிருந்த குடத்தைப் பார்த்தார். கீழே இறங்கி அம்மாவிடம் போனார்.

"மண்ணு சரியில்ல அண்ணி. நான்தான் பாத்து வாங்கல."

தப்பித்தேன் என்று தெருமுனைவரை ஒரே ஓட்டமாக ஓடிவிட்டுத் திரும்பினேன். அன்று சாயங்காலம் ஏஜெண்டின் போனை அவர் எடுத்துப் பேசினார். அடுத்த வாரம் கிளம்பிப் போய்விட்டார்.

ஆடியில் இரண்டு மழை பெய்தது. வரப்புச் சேற்றிலிருந்து உமரி முளைத்தது. உப்பு மண்ணில் யாரும் விதைக்காமலே வருகிற செடி. மாடி முழுக்கப் படர்ந்துவிட்டது. அறை நிஜமாகவே குளிர்ந்தது. தம்பி மத்தியானத்தில் தூங்கினான். அம்மா வீடியோ காலில் சித்தப்பாவுக்கு மாடியைச் சுற்றிக் காட்டினாள். அவருக்குப் பின்னால் கட்டில்மேல் கட்டிலாக அடுக்கிய அறை தெரிந்தது. போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"இன்னா, தண்ணி ஊத்துறியா?"

"இல்ல சித்தப்பா."

"ஊத்து. இதுக்கு ஏரித் தண்ணியே போதும். நீ கொழாய்ல போயி நிக்க வேணாம்."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்போதே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு ஓடினேன். நான் குழாயடியில் நிற்காதது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க எனக்கு எட்டு வருஷம் ஆயிற்று. அந்த எட்டு வருஷமும் அவர் அங்கேதான் இருந்தார்.